ஒன்றே முக்கால் கிலோ தாங்கிய படம்

முதல் பரிசு வாங்கிய அந்தக் குறும்படத்தை, பரிசு கொடுத்த பதினோரு நடுவர்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அலட்சியம் என்று நினைத்துவிடக் கூடாது. பார்த்திருந்தால்தான் விதிமீறல், பதினோரு பேருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கும். பூமியில் எத்தனையோ ஊரில் எத்தனையோ திரைப்பட விழா நடக்கிறது. படத்தின் மேல் ஒரு கண்கூடப் படாமல் தரம் பிரித்த விழா ஒன்றுதான். ஒரகடத்தில், இரண்டாயிரத்து நாலாம் வருஷம், மாசி மாதத்து ஒரு சனிக்கிழமையில் அது நடந்தது.

இதை நம்பாத முதல் ஆள் தசரதன். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் வீடியோ கடை வைத்திருப்பவர். சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் அவர் கேமராவுக்குள் புகுந்துதான் வெளியே வந்தாக வேண்டும். அந்தக் கேமராவைத்தான் முகூர்த்தமில்லாத நாட்களில் பூமாரிக்கு இரவல் கொடுத்திருந்தார்.

பூமாரி சங்கரன்கோவில் பக்கம். பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். தங்கியிருந்த அறையில் கம்பெனிப் பெண்கள் மூன்று பேர், பாய் ஒன்று. ஒருத்தி ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும்போது இன்னொருத்தி எழுந்து போவாள். பாய் ஆறுவதே கிடையாது. ஒரே பாயில் எட்டு மாதம் தூங்கியும் அவர்களில் முத்துச்செல்வியும் முப்பிடாதியும் சேர்ந்தாற்போல் கால்மணி நேரம் பேசியதில்லை. தலையணையில் இருக்கும் எண்ணெய் வாசனையை வைத்து ஒருத்தியை ஒருத்தி தெரிந்துகொண்டார்கள். இதைத்தான் பூமாரி ஏழு நிமிடப் படமாக எடுத்தாள். பெயர், 'ஆறாத பாய்'. கம்ப்யூட்டர், எடிட்டிங் எதுவும் கிடையாது. எந்த வரிசையில் வரவேண்டுமோ அந்த வரிசையிலேயே நாலு மாதம் காத்திருந்து எடுத்தாள். இருந்தது ஒரே ஒரு சின்ன கேசட். மறுபடி எடுக்கவும் வழியில்லை. முப்பிடாதி கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போய்விட்டாள்; அந்த வீட்டையும் சாலையை அகலப்படுத்த இடித்தாகிவிட்டது.

போட்டியை நடத்தியது 'ஒருங்கிணைந்த உற்பத்தியாளர் கலை, இலக்கிய, தர மன்றம்'. முதல் பரிசு வாங்கித் திரையிடப்படும் படத்தை எடுத்த மாணவருக்குச் சென்னைத் திரைக்கல்லூரி ஒன்றில் ஒளிப்பதிவு படிக்க இலவச இடம். காலை ஒன்பதுக்குப் படத்தைக் கொடுக்க வேண்டும், பன்னிரண்டு வரை பதிவு, பிறகு தேர்வு, மாலை ஐந்துக்கு விழா. சரக்கைத் தேக்கி வைப்பது மன்றத்தின் கொள்கை இல்லை. விண்ணப்பத்தின் அடியில் ஓர் உறுதிமொழி இருந்தது: 'நகல் எடுக்கவில்லை. நகல் போலிச் சரக்காகக் கருதப்படும்.' பூமாரிக்குப் பத்தொன்பது வயசு. அச்சடித்த விதியை நம்புகிற வயசு. நகல் எடுக்காமலேயே கையெழுத்துப் போட்டாள்.

மன்றத்துக்கு இரண்டு வாசல். ஆட்களுக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று. ஆள் வாசலில் காவலர் சுடலை நின்றார். அவருக்கும் தெற்குதான்.

"கையில என்ன தாயி?"

"படம், அண்ணாச்சி."

"படம்னா சரக்கு. அது அந்த வாசல்ல போணும். நீ ஆளு. நீ இந்த வாசல்."

"நான் இல்லாம அது எப்படி அண்ணாச்சி போவும்?"

சுடலை ஒன்பது வருஷமாக அந்த வாசலில் நிற்கிறார். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. உள்ளே மூன்று பேருக்கு போன் போட்டார். கடைசியில் பூமாரியையும் சரக்கு வாசல் வழியாகவே விடுவதென்று முடிவாயிற்று. பதிவேட்டில் இப்படி எழுதினார்: 'படம், ஒன்று. அதன் உறை, ஒன்று. உறை திரும்பப் போக வேண்டியது.'

"உறைன்னா?"

"நீதான் தாயி. சாயங்காலம் வெளிய போவும்போது மறக்காம கையெழுத்துப் போட்டுட்டுப் போ. இல்லேன்னா இங்கேயே ஸ்டாக்கில நின்னுருவ."

அடுத்த கட்டம் எடை. தொண்ணூறு கிராம். அடுத்தது, கெட்டுப்போகக்கூடியதா? இல்லை. கசியுமா? இல்லை. எரியக்கூடியதா? பூமாரி யோசித்தாள். உண்மையைச் சொல்லிப் பழகியவள்.

"ஒரு காட்சியில மட்டும் ஸ்டவ் எரியும், அண்ணாச்சி."

சுடலை பேனாவைக் கீழே வைத்தார். "முன்னாடியே சொல்லப்படாதா?" என்று சொல்லி, சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு உருளையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டார். எரியக்கூடிய சரக்குக்குத் துணைக்கு ஆள் போக வேண்டும். அன்று முழுக்க பூமாரி எங்கே போனாலும் மூன்றடி பின்னால் உருளையோடு சுடலையும் போனார்.

சோதனைக்கூடத்தில் ஹேமந்த் இருந்தான். வெள்ளை கோட்டு, பாதுகாப்புக் கண்ணாடி, பையில் நாலு கலரில் பேனா. மேசைமேல் சிடியும் கேசட்டும் அடுக்கியிருந்தன. பதினாறு கல்லூரி, பதினாறு படம். பூமாரியுடையது பதினேழாவது.

"லாட் சைஸ் எவ்ளோ?" என்று கேட்டான்.

"புரியல சார்."

"எத்தன பீஸ் கொண்டாந்திருக்கீங்க?"

"ஒரு கேசட்டு."

"லாட் ஒண்ணு. சாம்பிள் ஒண்ணு," என்று எழுதிக்கொண்டான். "மூணடி உயரத்துலேர்ந்து டிராப் டெஸ்ட். அப்புறம் ஒரு மணி நேரம் உப்புப் புகை. அப்புறம் டென்ஸைல், அதாவது இழுவை. டேப்ப வெளிய எடுத்து மிசின்ல மாட்டி அறுந்துபோற வரைக்கும் இழுப்போம். எவ்ளோ லோடுல அறுந்துச்சோ அதான் மார்க்."

"படத்த எப்ப சார் பாப்பீங்க?"

"எதுக்கு?"

"பரிசு குடுக்க."

"சாம்பிள் பாஸானா லாட் பாஸ். லாட்ல மிச்சம் இருக்கறத சாயங்காலம் ஸ்கிரீன்ல போடுவோம்."

"ஒண்ணே ஒண்ணுதான சார் இருக்கு? மிச்சம் ஏது?"

ஹேமந்த் கணக்குப் போட்டுப் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. "அப்ப ஸ்கிரீனிங்ல டைம் மிச்சம்," என்றான்.

"அப்ப என் படத்தத் திருப்பிக் குடுத்துருங்க சார். நான் போட்டியில கலந்துக்கல."

"உள்ள வந்த சரக்கு டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம வெளிய போகாது. வேணும்னா பன்னண்டு மணி வரைக்கும் லாட்ல பீஸ் சேக்கலாம். தலைவர் சைன் வேணும்."

மணி பதினொன்று ஐந்து. பூமாரி வாசலுக்கு ஓடினாள். பின்னால் உருளை டங்கு டங்கென்று சத்தம் போட, சுடலையும் ஓடினார்.

கேட்டுக்கு வெளியே தசரதன் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் அவரை உள்ளே விடவில்லை. விடிகாலையில் வடக்குப்பட்டில் ஒரு காதுகுத்தை முடித்துவிட்டு நேராக வந்தவர்.

"இன்னாம்மா, குட்த்தாச்சா?"

"அண்ணே, டேப்ப மிசின்ல மாட்டி இழுக்கப் போறாவளாம். அறுந்துபோற வரைக்கும்."

"யாரு?"

"போட்டி நடத்துறவிய."

தசரதன் சிரித்தார். நன்றாகச் சிரித்தார். டீக்கடையில் நின்ற இரண்டு டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னாம்மா ரீல் வுடற? எவ்ளோ பெரிய பில்டிங்கு கட்டி வெச்சிக்கிறானுங்க. அத்தினி பேரும் படிச்சவங்கோ. சினிமாவப் புடிச்சு இழுப்பானுங்களா? கேட்டாக்கூட சிரிப்பாங்கோ."

"சத்தியமாண்ணே. இன்னொரு கேசட்டு இருந்தா ரெண்டுல ஒண்ணத்தான் இழுப்பாவ. சும்மா வெறுங்கேசட்டு இருந்தாக்கூட குடுங்கண்ணே."

"வெறுங்கேசட்டு கடையில கீது. போயிட்டு வரதுக்குள்ள மணி பன்னண்டாயிடும்." பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தார். "இந்தா, காலைல புட்ச்ச காதுகுத்து. கொண்டு போ."

"வேண்டாம்ணே. நெசமாவே இழுத்துருவாவ."

"அட கொண்டு போம்மா! எவன் இழுக்கறான்னு நானும் பாக்கறேன். சாயங்காலம் நீயே முழுசாக் கொண்டாந்து என் கையில குடுப்ப, பாரு."

பூமாரி இன்னும் இரண்டு முறை சொன்னாள். அவர் இரண்டு முறையும் சிரித்தார். மூன்றாவது முறை சொல்ல நேரமில்லை.

மன்றத் தலைவர் கண்ணப்பன் அறையில் ஏ.சி. குளிர். சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். சான்றிதழ்களுக்குச் சட்டம் போட்டவருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்து அதையும் மாட்டியிருந்தார்கள். பூமாரி உட்காரவில்லை. உறைக்கு நாற்காலி கொடுப்பதற்கு விதியில்லை.

"உங்க வருத்தம் புரியுதும்மா," என்றார் கண்ணப்பன். "படத்தைப் பார்க்கணும்னு சொல்றீங்க. போன வருஷம் அந்தத் தப்பைப் பண்ணினோம். ஒரே படம். ஒரு நடுவர் அழறார், பக்கத்துல இருக்கறவர் கொட்டாவி விடறார். ஒரே பொருளுக்கு ரெண்டு ரீடிங் வந்தா என்ன அர்த்தம்? அளவுகோல் பழுதுன்னு அர்த்தம். அதனால அளவுகோலை எடுத்துட்டோம். நடுவர்களை வெச்சிருக்கோம், கண்ணை மட்டும் எடுத்துட்டோம்."

"சார், மணி பதினொண்ணே முக்கா."

"நான் முப்பத்திரண்டு வருஷம் தரக் கட்டுப்பாட்டுல இருந்தவன். என் கையெழுத்தோட கப்பல்ல போன சரக்கு கோடிக்கணக்குல இருக்கும். அதுல ஒண்ணைக்கூட நான் கண்ணால பார்த்ததில்லை. பார்த்திருந்தா கையெழுத்துப் போடவே முடிஞ்சிருக்காதும்மா."

இதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமை தழுதழுத்தது. பின்னால் நின்ற சுடலை உருளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

"ரெண்டாவது கேசட் சேக்கணும்னு வந்தேன் சார்."

"ரெண்டும் ஒரே இயந்திரத்துல தயாரானதா?"

"ஒரே கேமராதான் சார்."

"மூலப்பொருள்?"

"ஒரே கம்பெனி டேப்பு."

"ஒரே இயந்திரம், ஒரே மூலப்பொருள். ஒரே லாட்," என்று தீர்ப்புச் சொன்னார். உள்ளே இருப்பது என்னவென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பூமாரி உண்மையைத்தான் சொல்லியிருப்பாள்; அந்தச் சங்கடத்தை அவர் அவளுக்கு வைக்கவில்லை. மூடியைத் திறந்து, பேனாவை உதறி, மை இறங்கவில்லை என்று இன்னொரு பேனா வரவழைத்து, பதினொன்று ஐம்பத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஹேமந்த் இரண்டு கேசட்டிலும் இருந்த லேபிளைச் சுரண்டி எடுத்தான். இரண்டுக்கும் ஒரே மாதிரி உருவம், ஒரே கறுப்பு. மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டு, எது எதற்கென்று பார்க்காமல் பதினேழு-ஒன்று, பதினேழு-இரண்டு என்று சீட்டு ஒட்டினான். ஒட்டிய கையோடு இரண்டையும் ஒரு தகர டப்பாவில் போட்டுக் குலுக்கினான். எது தன்னுடையது என்பது அந்த நிமிடத்தோடு பூமாரிக்குத் தெரியாமல் போயிற்று.

"ரேண்டம் சாம்பிளிங்," என்று சொல்லிக் கண்ணை மூடினான்.

அவன் விரல் டப்பாவுக்குள் ஒரு கேசட்டைத் தொட்டது. விட்டது. மற்றதைத் தொட்டது. தூக்கினான். பாதி தூக்கியவன் தும்மினான். கேசட் உள்ளே விழுந்தது. மறுபடி துழாவினான். பூமாரி துப்பட்டா முனையைக் கடித்துக்கொண்டு நின்றாள். சுடலைகூட உருளையின் குழாயை எடுத்து டப்பாவைக் குறிபார்த்தபடி நின்றார்.

பதினேழு-இரண்டு வெளியே வந்தது. பதினேழு-ஒன்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஈய முத்திரை வைத்தார்கள்.

பதினேழு-இரண்டை மூன்றடி உயரத்திலிருந்து மூன்று முறை போட்டார்கள். உப்புப் புகையில் ஒரு மணி நேரம் வைத்தார்கள். அப்புறம் மூடியை உடைத்து நாடாவை உருவினார்கள். அந்தக் காலத்துப் படச்சுருளாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்தாவது பார்த்திருக்கலாம். இது பழுப்பு நாடா. முத்துச்செல்வி தூங்கும் முகமும், மாமன் மடியில் வீறிடும் எவர் வீட்டுப் பிள்ளையும் இதில் ஒரே பழுப்புத்தான். கையளவு நீளத்தைக் கவ்விகளுக்கு நடுவே மாட்டினான் ஹேமந்த். முள் நகர்ந்தது.

அரைக் கிலோ. நாடா விறைத்தது.

ஒரு கிலோ. வீணைத் தந்திபோல் முனகியது.

ஒன்றரை. பூமாரி கண்ணை மூடிக்கொண்டாள்.

'சட்' என்று ஒரு சின்னச் சத்தம். "ஒண்ணே முக்கால்! சூப்பர்," என்றான் ஹேமந்த். "இன்னிக்கு இதான் டாப்."

மாலை ஐந்து மணிக்கு அரங்கம் நிரம்பியிருந்தது. ஆர்வத்தில் நிரம்பவில்லை. முதல் ஷிப்ட் முடித்த ஐந்நூறு பேரைக் கம்பெனி பஸ்ஸிலேயே ஓ.டி. போட்டு இறக்கியிருந்தார்கள். பொதுமக்களுக்குச் செருப்பு விதி தளர்த்தப்பட்டதால் தசரதனும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பதினோரு நடுவர்களும் மேடையில் திரைக்கு முதுகு காட்டி அமர்ந்தார்கள்.

கண்ணப்பன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்த ஆண்டு வந்தவை பதினேழு படங்கள். நிராகரிப்பு பூஜ்யம்! பதினேழும் பாஸ்!" கைதட்டல். "இதில் பதினாறு படங்கள் தேர்ச்சி பெறும் பணியில் செலவாகிவிட்டன. அந்த மாணவர்களுக்கு எங்கள் வாழ்த்து." முன்வரிசையில் ஒரு மாணவன் நாலாக ஒடிந்த சிடியைப் பரீட்சைப் பேப்பர் மாதிரி சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "இழுவலிமையில் முதலிடம், அதோடு கையிருப்பிலும் முதலிடம், 'ஆறாத பாய்'! பாயின் உறுதியை இந்த மாணவி எவ்வளவு அருமையாக எடுத்துக்காட்டியிருக்கிறார் என்பதற்கு ஒன்றே முக்கால் கிலோவே சாட்சி."

சான்றிதழ் கொடுத்தார்கள். நீளம், எடை, இழுவலிமை எல்லாம் இருந்தன. கடைசிக் கட்டம்: 'திரையிடப்பட்டது: ஆம் / இல்லை.' அது காலியாக இருந்தது.

"சார், படத்தப் போடுங்க," என்றாள் பூமாரி. அவளுக்குத் திரைக்கல்லூரி இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பதைவிட, பைக்குள் இருப்பது பாயா காதுகுத்தா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியிருந்தது.

"முத்திரை வெச்சாச்சே அம்மா. முடிந்த சரக்கின் முத்திரையை வாடிக்கையாளர்தான் உடைக்கணும். வாடிக்கையாளர் யாரு?"

பதிவேட்டைப் புரட்டினார்கள். தயாரிப்பாளர், சோதித்தவர், ஒப்புதல் தந்தவர், ஒப்புதலைச் சரிபார்த்தவர் என்று பதினெட்டுப் பெயர் இருந்தது. வாடிக்கையாளர் என்று ஒரு கட்டமே இல்லை. படத்தை யாராவது பார்ப்பார்கள் என்று மன்றத்தில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. பதினோரு நடுவர்களும் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். அடுத்த ஆண்டு கட்டம் சேர்ப்பதென்றும், அதுவரை முத்திரை தொடர்வதென்றும் முடிவு செய்தார்கள். ஹேமந்த் 'இல்லை'யில் டிக் போடப் பச்சைப் பேனாவை எடுத்தான்.

"நிறுத்துங்க சார்!"

சுடலை. தோளில் உருளையோடு மேடைமேல் ஏறிவிட்டார். "நான்தான் கஸ்டமரு. காலையிலேருந்து இந்த ஸ்டவ்வு எப்ப எரியும், எப்ப எரியும்னு இந்தப் புள்ளைக்குப் பின்னாடியே அலையுதேன். இத்தன படிப்புப் படிச்சவிய இருக்கிய, இத நெசமாப் பாக்கணும்னு நெனச்ச ஒரே ஆளு நான்தான். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

அரங்கத்தில் யாரோ விசிலடித்தார்கள். "நாங்களும் கஸ்டமருதாம்ல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஐந்நூறு பேரும் எழுந்தார்கள். கண்ணப்பன் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். வாடிக்கையாளரைத் தடுக்க ஒரு விதியும் கிடைக்கவில்லை. ஆளே இல்லாதபோது தடுப்பதற்கு விதி எதற்கு என்று விட்டிருந்தார்கள்.

சுடலை 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டு, முத்திரையைப் பல்லால் கடித்து உடைத்தார்.

திரை நீலமானது. கறுத்தது. ஒரு கோடு ஓடியது. பூமாரி சான்றிதழைச் சுருட்டுச் சுருட்டென்று சுருட்டினாள்.

பாய்.

விரித்த பாய், நடுவில் ஒரு கிழிசல், அதன்மேல் விழுந்த காலை வெயில். ஒரு கை வந்து தலையணையைத் தட்டிப் போட்டது. முப்பிடாதி படுத்தாள். தலையணையை முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். மூன்றாவது நிமிடத்தில் ஸ்டவ் எரிந்தது. சுடலை குழாயைத் திரையை நோக்கித் தூக்கினார், வெந்நீர் கொதிக்கும்வரை கண் இமைக்காமல் நின்றார், இறக்கினார். ஏழு நிமிடம் முடிந்தபின் ஓ.டி. முடிந்துவிட்டது என்று யாரும் பஸ்ஸுக்கு ஓடவில்லை. ஹேமந்த் தானாகவே பேனாவை மாற்றி நீலத்தில் 'ஆம்' போட்டான். நடுவர்கள் மட்டும் கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை. கொள்கையில் உறுதியானவர்கள்.

கடைசி வரிசையில் தசரதன் எல்லோரையும்போலக் கைதட்ட ஆரம்பித்தார். இரண்டு தட்டு தட்டியவருக்குக் கை நின்றுவிட்டது. திரையில் பாய் என்றால், மிஷினில் போனது எது? எழுந்து சோதனைக்கூடத்துக்கு ஓடினார்.

மறுநாள் காலை. பூமாரி கேமராவைத் திருப்பிக் கொடுக்க சுங்குவார்சத்திரம் கடைக்கு வந்தாள். தசரதன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பாலித்தீன் பை. அதற்குள் உப்புப் பூத்த பழுப்பு நாடா ஒரு சிக்கலாக. பைமேல் பச்சைச் சீட்டு: 'சோதிக்கப்பட்டது. சரி.'

பூமாரி வாயைத் திறக்குமுன் வடக்குப்பட்டு கிளியம்மாள் படியேறி வந்துவிட்டாள். நேற்றுக் காதுகுத்திக்கொண்ட பிள்ளையின் பாட்டி.

"இன்னாப்பா தசரதா, கேசட்டு ரெடியா? சம்பந்தி வூட்டுக்காரங்கோ வந்துகினு கீறாங்க. எம்புள்ள மடியில ஒக்காந்து பையன் கத்துனானே, அத்தப் போட்டுக் காட்டு."

தசரதன் பூமாரியைப் பார்த்தார். கேமரா ரிப்பேர் என்று சொல்லலாம். கேசட்டை எலி கடித்தது என்று சொல்லலாம். எல்லாமே நம்பும்படியான பொய். பையை மெல்லக் கிளியம்மாள் பக்கம் தள்ளினார்.

"இன்னாது இது, சேமியாவா?"

"காதுகுத்தும்மா."

"இன்னாது?"

"ஒரகடத்துல சினிமாப் போட்டி வெச்சாங்கோ. மிசின்ல மாட்டி இழுத்துட்டாங்கோ. ஒண்ணே முக்கா கிலோ தாங்குச்சு. மொத பிரைசு."

கிளியம்மாள் அவர் முகத்துக்கு அருகே வந்து மோந்து பார்த்தாள். "காலங்காத்தாலயே குடிச்சிக்கினியா? சினிமாவ யாராச்சும் புடிச்சு இழுப்பாங்களா? பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்கோ கட்ன எடம்பா அது!"

தசரதன் பைமேல் இருந்த பச்சைச் சீட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இழுத்தாங்கம்மா," என்றார். "சத்தியமா இழுத்தாங்கோ."